அப்பா போட்டுப் போன கோட்டு

கோட்டின் கைகள் அப்பாவின் விரல்நுனி வரை மூடிவிட்டன. பெட்டிக்குள் கிடந்த திருநாவுக்கரசு, யாருடைய கோட்டுக்குள்ளோ ஒளிந்துகொண்டவர் போல இருந்தார்.

"வேட்டியே கட்டியிருக்கலாம்," என்றாள் அத்தை ஜெயலெட்சுமி. "நம்மள்ல யாருடா கோட்டு போட்டுக்கிட்டுப் போனா?"

"அப்பா போவாரு, அத்தை," என்றான் புவனேஸ்வரன்.

பழைய ஹாலிவுட் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தே வாழ்ந்த மனிதர். பாசாருக்குக் கீரை வாங்கப் போனாலும் தொப்பியும் பளபளக்கும் சப்பாத்துமாகத்தான் போவார். "அந்தப் படத்துல சாகிறவன்கூட டை அவிழாமத்தான்டா சாவான்" என்பார். மகனோ அரைக்கால் சட்டையும் சிலிப்பருமாக ஜார்ஜ்டவுனைச் சுற்றுகிறவன். "அடுத்த மாசம் கம்பெனி விருந்துல உனக்கு விருது தர்றாங்க, அன்னிக்காச்சும் கோட்டு போடுடா" என்று அவர் கெஞ்சியும் இவன் மசியவில்லை.

போன வாரம் இவனுடைய ஒரே நல்ல சட்டையும் கால்சட்டையும் காணாமல் போக, அவரிடம்தான் கத்தித் தீர்த்தான். அவர் சிரித்தார். அதோடு இவன் முகங்கொடுத்துப் பேசவில்லை. நேற்றுக் காலை மாரடைப்பு.

அந்த உறுத்தலோடு அப்பாவின் அலமாரியைத் திறந்தபோதுதான் உறை பிரிக்காத புதுக் கோட்டும் அதற்கேற்ற கால்சட்டையும் கண்ணில் பட்டன. போகப் போவது தெரிந்து அப்பாவே தைத்து வாங்கி வைத்திருக்கிறார். இந்த ஒரு ஆசையையாவது நிறைவேற்றாவிட்டால் நான் என்ன பிள்ளை என்று பிடிவாதமாக நின்றுவிட்டான்.

"சர்க்கரையில ரொம்ப இளைச்சிட்டாரு போல," என்றார் சவ வண்டிக்கார மணியம். "முதுகுப் பக்கம் வெட்டி உள்ள மடிச்சா சரியா நிக்கும்லா."

வெட்டினார்கள். தோள் சரியானது, காலர் கோணிக்கொண்டது. கால்சட்டை பாதத்தைத் தாண்டித் தொங்கியது. அதையும் வெட்டினார்கள். ஒரு கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது.

அடுத்தது, கோட்டோடு உறைக்குள் இருந்த போ டை, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரிக் கட்டுவது. யாருக்கும் கட்டத் தெரியவில்லை. கைப்பேசியில் பார்த்துத் தன் கழுத்திலேயே கட்டிப் பழகினான். கொள்ளி வைக்க வேண்டியவன் வெற்று மார்பும் வேட்டியுமாக, கழுத்தில் போ டையோடு நிற்பதைக் கண்டதும், ஒப்பாரிக்குத் தயாராக வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கட்டிய டையைத் தலைவழியாக அப்பாவுக்கு மாட்டப் பார்த்தான். தாடைக்கட்டு தடுத்தது. அதை அவிழ்த்தான். வாய் திறந்துகொண்டது.

"என்னமோ சொல்ல வர்றாருடா," என்று அத்தை அலறினாள்.

"ஒண்ணும் சொல்லல, அத்தை. பேசாம இருங்க."

அவசரமாக அவருடைய தொப்பியை எடுத்து முகத்தின்மேல் சாய்த்து வைத்துப் பெட்டியை மூடச் சொன்னான்.

வண்டிக் கதவு சாத்தியதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா ஆசைப்பட்டபடி நடந்துகொண்டோம் என்று நினைத்தான். அதுவரை வராத அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அப்போது தையற்கடை அலாவுதீன் வேர்க்க விறுவிறுக்க வாசலுக்கு வந்து சேர்ந்தார். அவர் நீட்டிய பிளாஸ்டிக் பைக்குள் புவனேஸ்வரனின் காணாமல் போன சட்டையும் கால்சட்டையும் மடித்து இருந்தன.

"விஷயம் இப்பத்தான் தெரியும், தம்பி. இது அளவுக்குன்னு அப்பா கொடுத்துட்டுப் போனது," என்றார். "கோட்டு உங்களுக்குச் சரியா இருந்துச்சா?"