கையை எடை போட்ட லாவகம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனையோ ஆயிரம் பேர் இரும்பை எடை போட்டிருப்பார்கள். ஆள்களின் கையை எடை போட்டவர் எங்கள் லாவகம் ஒருவர்தான்.

எண்பதுகளில் நான் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிய ஷெட்டில், மெஷின்களுக்கு எண்ணெய் விடுகிறவர் அவர். அண்ணனூரிலிருந்து ரயிலில் வருவார். வலக்கையில் மூன்றே விரல். அவர் நடந்து வரும் சத்தம் ஒருவருக்கும் கேட்காது. தோளில் கை வைத்தால் ஈ உட்கார்ந்த கனம்கூட இருக்காது. திரும்பினால் நிற்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு நாளாவது அலறுவார்கள்.

தினமும் ஷிப்ட் தொடங்குமுன் ஒவ்வொருவர் கையையும் தன் உள்ளங்கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொள்வார். "லகுன்னா லேசு. அத்துலேர்ந்து வந்ததுதான் லாவகம். மன்சு லேசா இருந்தாதான் மாமே, கை லேசாவும்." திருமுல்லைவாயில் கோயில் சொற்பொழிவில் கேட்டாராம். அன்றிலிருந்து அதுவே அவர் பெயரானது.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தவர், "செம கனம், பயந்துகினு கீறான்" என்று மேடையிலேயே அறிவித்தார். சூப்பர்வைசரிடம், "கை லேசுதான் சார், தலைதான் கனமா கீது" என்றார். மனிதர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஒரு காலை, ஜுரத்தில் அனத்திய மகளை விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என் கையை வாங்கியவரின் முகம் மாறியது.

"கல்லு மாறி கீது மாமே. இன்னிக்கு மெஷின்ல குந்தாத."

"போய் எண்ணெய ஊத்துய்யா!" என்று எரிந்து விழுந்தேன்.

பத்து மணி இருக்கும். வெட்டிய தகட்டை எடுக்க அச்சுக்குள் கையை நீட்டப் போனேன். மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். கனமே இல்லாத பிடி. கை அச்சுக்கு வெளியிலேயே நின்றது. பெடலில் நான் காலே வைக்கவில்லை. பிரஸ் தானாக இறங்கி, தகட்டை நசுக்கிவிட்டு ஏறியது.

திரும்பினேன். பின்னால் ஒருவரும் இல்லை. அவர் ஷெட்டின் மறுகோடியில், எண்ணெய்க் கேனோடு, கண்ணை மூடி நின்றிருந்தார்.

அவரிடம் போய், "நீதான புடிச்ச?" என்றேன்.

"நா இங்கியேதான் கீறேன்." மூன்று விரலை என் முன் நீட்டினார். "ரெண்டு வெரல் போன அன்னிக்கு எம் பொஞ்சாதி ஆஸ்பத்திரில கெடந்தா. கை கனமா கீதுன்னு சொல்ல ஆளில்ல மாமே. நீ ஊட்டுக்குப் போ. கொயந்தையப் பாரு."

மகளைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை.

இதை எழுத உட்காருமுன்கூட வலக்கையை இடது உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினேன். லேசாகத்தான் இருக்கிறது, லாவகம். பத்து விரலும் பத்திரம்.