மெலட்டோனின் அண்ணாச்சியின் இடவப்பாதி

திருவனந்தபுரத்தில் மழை வந்தால் எல்லோரும் குடையைத் தேடுவார்கள். மெலட்டோனின் அண்ணாச்சி லீவு லெட்டர் எழுதப் பேப்பரைத் தேடுவார். கேரளத்து மழைக்காலம் முழுவதையும் தலைக்குள் ஒரு சுரப்பியில் அடைத்து வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், பழவங்காடியில் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்கள். அண்ணாச்சி நாகர்கோவில்காரர், நாற்பத்தைந்து வயது, தனிக்கட்டை. நான் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு எதிர் மேஜை. அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அவர் மட்டும்தான். மே மாதம் வரை அவர் சிரித்தால் கீழே தேங்காய்க் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்து வானம் மூடிக்கொண்டால் ஆளே அணைந்து போவார். பேச்சு நிற்கும், சோறு இறங்காது, பத்து மணிக்கே ஃபைலின் மேல் தலை சாயும்.

இதைச் சோம்பல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்துக் கூசிக்கொண்டிருந்தார். ஒருநாள் லைப்ரரியில் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையைப் படித்துவிட்டு, நனைந்துகொண்டே ஓடி வந்தார்.

"வே, எனக்குச் சோம்பல் இல்லவே! மெலட்டோனின்!"

"அது என்ன அண்ணாச்சி, வாயுவா?"

"வாயுவும் இல்ல, பித்தமும் இல்ல. மூளைக்குள்ள பயறு மணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு, கேட்டீரா? இருட்டினா அது மெலட்டோனினை விடும். 'ராத்திரி ஆச்சு, படுடே'ன்னு உடம்புக்கு ஆர்டர். காலம்பற வெளிச்சம் கண்ணுல பட்டா நிறுத்திரும். குளிர் நாட்டுல பனிக்காலத்துல சீக்கிரம் விடியாது. சுரப்பிக்கு நேரம் தப்பி, மனுசன் மாசக்கணக்கா மனசு செத்துக் கெடப்பான். அவனுக்குப் பனி, நமக்கு இடவப்பாதி!"

"நம்ம ஊரைப் பத்தியும் அதுல போட்டிருக்கா?"

"இல்ல. எழுதினவன் நம்ம ஆபீஸைப் பாத்ததில்லல்லா!"

அன்றே லீவு லெட்டரில், 'காரணம்: மெலட்டோனின் மிகுதி' என்று எழுதினார். மானேஜர் சார் சிவப்பு மையில், 'இவ்வகை விடுப்புக்குக் கம்பெனி விதியில் இடமில்லை. மேற்படி மெலட்டோனின் உரிய மேலதிகாரி மூலம் வரவேண்டும்' என்று எழுதித் திருப்பினார். பிறகு கூப்பிட்டு விட்டு, தன் மலையாளத் தமிழில் மிரட்டினார்.

"எடோ, இனி ஒரு திவசம் லீவுன்னு வந்தால் உன்னை எஸ்டேட்டுக்கு மாற்றித் தட்டும், கேட்டோ?"

எங்கள் எஸ்டேட் மலையில் போனக்காடு என்ற ஊருக்கும் மேலே, மேகம் ஆபீசுக்குள் வந்து உட்காரும் இடத்தில் இருந்தது. பழவங்காடி மழைக்கே அணைகிறவர் அங்கே என்ன ஆவார் என்று எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. "அங்க போனா நான் முழுசாத் திரும்ப மாட்டேன் வே" என்றார் அண்ணாச்சி.

மருந்து வெளிச்சம்தானாம். காலையில் அரை மணி நேரம், பளீரென்று இருக்கவேண்டுமாம். மேஜையைச் சுற்றி நாலு டியூப்லைட் கட்டினார். சுரப்பி அசையவில்லை. பிறகு, கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வியர்க்க வைக்கும் வீடியோ லைட் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி, ஸ்டாண்டோடு எதிரே நிறுத்திக்கொண்டார். மழை இருட்டில் எங்கள் ஜன்னல் மட்டும் ஜொலித்தது. சினிமா ஷூட்டிங் என்று தெருவே கூடியது. பக்கத்துக் கணபதி கோயிலில் உடைக்க வாங்கிய தேங்காயோடு மாடியேறி வந்த நாலு பேர், "ஹீரோ யாரு?" என்றார்கள். அண்ணாச்சி எழுந்து கும்பிட்டார். திட்ட வந்த மானேஜர் சார், எதற்கும் இருக்கட்டும் என்று தலை வாரிக்கொண்டு வந்தார்.

நீங்கள் நம்பமாட்டீர்கள், பத்தாம் நாள் அண்ணாச்சி ஒரு ஜோக் அடித்தார். ஜூன் மாதத்தில்! எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அந்த வாரம்தான் கம்பெனி டைரக்டர் டீ ருசி பார்க்க வந்தார். வரிசையாக வைத்த கிண்ணங்களில் ஒவ்வொன்றாக உறிஞ்சி, வாயில் சுழற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்பவேண்டும். அதுதான் தொழில் முறை. அவர் ஏழாவது கிண்ணத்தை உறிஞ்சிய நேரத்தில் அண்ணாச்சி லைட்டைப் போட்டார். டீக்கு வெந்நீர் காய்ந்த ஹீட்டரோடு அதுவும் சேர்ந்ததில் ஃப்யூஸ் போய் ஆபீசே இருண்டது. டைரக்டர் குத்துமதிப்பாகத் துப்பினார். அந்த இடத்தில், தொட்டியை வாகாக நகர்த்தக் குனிந்த மானேஜர் சார் இருந்தார்.

சாயங்காலமே எஸ்டேட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பஸ் ஏற்றிவிடும்போது அண்ணாச்சி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு மாதம் கழித்து போன் வந்தது. கீழே தேங்காய்க் கடைவரை கேட்கும் சிரிப்பு.

"வே, இங்க விடிஞ்சதும் மணி அடிச்சிருவான். கொழுந்து பறிக்கறவங்க எல்லாம் களத்துல வந்து நிப்பாங்க. நான்தான் பேர் கூப்பிடணும். மழையோ மேகமோ, ஒரு மணிக்கூர் திறந்த வெளியிலதான் நிக்கேன். மேகம் மூடின வானமே நம்ம டியூப்லைட்டைவிடப் பல மடங்கு வெளிச்சமாம், இங்க உள்ள டாக்டர் சொல்லுதாரு. சோறு ரெண்டு தடவ வாங்கித் திங்கேன் வே!"

போனை வைத்ததும் மானேஜர் சார் பக்கத்தில் வந்து நின்றார். தண்டனை தண்டனையாக இருக்கவேண்டும் என்பதில் அவர் ரொம்பக் கறார்.

"எங்ஙனெ உண்டு நம்ம மெலட்டோனின்? அங்கே சுகமா இருக்கான்னா சொல்லு. திங்களாழ்ச்சையே இங்கே திரும்ப வரவழைக்கலாம்."

சுகமாக இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை அண்ணாச்சி எனக்கு எதிரே இருப்பார். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ரொம்பக் கஷ்டப்படுதாரு சார்" என்றேன்.

"அப்போ அங்கேயே இருக்கட்டே" என்று அவர் நிறைந்த மனதோடு போனார்.

ஆபீசில் நான் சொல்லாத பொய் இல்லை. சொல்லிவிட்டு அழுதது அந்த ஒன்றுக்குத்தான்.