நெஞ்சுவலிக்கு ஒரு பதவுரை

வைத்தியர்களில் பல வகை உண்டு. கைராசிக்காரர் உண்டு, ஊசி போடாமல் அனுப்பாதவர் உண்டு, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் மருந்துச் சீட்டைக் கிழித்து நீட்டிவிடுகிறவரும் உண்டு. இவற்றில் எதிலும் சேராத, எந்தக் கல்லூரியும் பட்டம் கொடுக்காத, ஆனாலும் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒருவராவது குடியிருக்கும் இனம் ஒன்று இருக்கிறது. சொல் வைத்தியர். இவர் நோயைத் தொடமாட்டார். அதன் பெயரைத்தான் தொடுவார்.

கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது என்று நீங்கள் தடவித் தடவிப் போய் நின்றால், "காட்டராக்ட்னா அருவின்னு அர்த்தம், தெரியுமா?" என்பார். மலேரியாவில் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருப்பவரிடம், அது இத்தாலிக்காரன் கெட்ட காற்றுக்கு வைத்த பெயர் என்று தெரிவித்துவிட்டுத்தான் போர்வையை எடுத்துக் கொடுப்பார். டாக்டர் 'இடியோபதிக்' என்று எழுதியிருந்தால் அன்றைக்கு அவருக்குக் கொண்டாட்டம். "அப்படின்னா, ஏன் வந்துச்சுன்னு அவருக்கே தெரியலைன்னு அர்த்தம். அதைக் கிரேக்கத்துல சொன்னா ஃபீஸ் வாங்கலாம்." நியாயம்தான். ஆனால் உங்களுக்கு வலி குறைந்ததா?

நம் கதாநாயகருக்குத் தெருவில் வேர்ச்சொல்லார் என்று பெயர். நர்சிங் பாடப் புத்தகங்கள் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் பதினெட்டு வருடம் மெய்ப்புத் திருத்தியவர். அந்தப் புத்தகங்களில் நோயின் அறிகுறி, முதலுதவி, மருந்தின் அளவு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கத்தான் செய்தன. அவர் மனதில் ஒட்டிக்கொண்டதோ பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்த சொற்பிறப்பு மட்டும். சம்பாதித்தது போதும் என்று வேலையை விட்ட பிறகும் சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் இருந்தது. ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிற எவரும் அந்தத் தெருவில் ரிப்போர்ட்டை முதலில் அவரிடம்தான் நீட்டுவார்கள்.

கீழ்த்தளத்துத் தையல்காரரும் அப்படித்தான் ஒருநாள் கவரோடு மாடியேறி வந்தார். வந்தவர் பேசுவதற்கு முன் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கெண்டைக்கால் இழுக்குதுண்ணே. மிஷின் மிதிக்க முடியல. மூச்சும் வாங்குது."

"அட, மஸில்னா லத்தீன்ல சின்ன எலி. தோலுக்கு அடியில எலி ஓடுற மாதிரி தெரிஞ்சிருக்கு அவனுக்கு. நமக்கு அது கெண்டை மீனாத் தெரிஞ்சிருக்கு. யோசிச்சுப் பாருங்க, ஒரே காலு."

தையல்காரர் தன் காலையே புது மரியாதையோடு பார்த்துக்கொண்டார். வேர்ச்சொல்லார் ரிப்போர்ட்டைப் பிரித்தார். ஹீமோகுளோபினில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சிவப்பில் சுழித்து, ஓரத்தில் திருத்தி, கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சொல்லுக்கு நேரே எட்டு என்று ஓர் எண் இருந்தது. எண்களைப் பார்ப்பது அச்சகத்தில் வேறொருவர் வேலை. அண்ணனே பார்த்துவிட்டார், இனி டாக்டர் எதற்கு என்று தையல்காரரும் நிம்மதியாக இறங்கிப் போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் வேர்ச்சொல்லாருக்கே நெஞ்சு வலித்தது. கையில் காய்கறிப் பையோடு மாடியேறிக்கொண்டிருந்தவர் ஒன்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாக அதே படி. பின்னால் வந்த மனைவி பையை வாங்கிக்கொண்டார்.

"என்னங்க பண்ணுது?"

"நெஞ்சு மேல ஏதோ பாரமா இருக்கு. இடது கையும் குடையுது."

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு? ஆஞ்சைனான்னு நினைக்கிறியா? அதுக்கு லத்தீன்ல கழுத்தை நெரிக்கிறதுன்னு அர்த்தம். என்னை யாரும் நெரிக்கல. மேல ஏறி உக்காந்த மாதிரிதான் இருக்கு. நெரிக்கிறது வேற, உக்கார்றது வேற."

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உண்மையைச் சொன்னால் அவருக்குப் பயமாக இருந்தது. செத்துப்போவோமோ என்ற பயம். இத்தனை வருடமும் எந்தப் பயம் வந்தாலும் அதற்கு ஒரு சொல்லைப் பிடித்து, அந்தச் சொல்லைப் பிரித்துப் போட்டதும் பயம் அடங்கியிருக்கிறது. இன்றைக்கும் பிரித்துப் பார்த்தார். வலி அப்படியே இருந்தது.

மனைவி விவாதம் செய்யவில்லை. மாடிப்படிக் கைப்பிடிக்கு மேல் குனிந்து தையல்காரரைக் கூப்பிட்டார். அவர் கழுத்தில் கிடந்த அளவுநாடாவைக்கூட எடுக்காமல் தெருமுக்கு வரை ஓடி வண்டி பிடித்துவந்தார். வந்ததும் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மூச்சு வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் மகள் வயதில் ஒரு டாக்டரம்மா. "சொல்லுங்க, என்ன பண்ணுது?"

இப்படி ஒரு கேள்வியைப் படித்தவர் ஒருவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று? வேர்ச்சொல்லார் எழுந்து உட்காரவே பார்த்தார். "கிரேக்கத்துல கார்டியான்னா இதயம், டாக்டர். ஆனா இரைப்பையோட மேல்வாய்க்கும் அதே பேருதான். அதனால இது வயித்துக் கோளாறாவும் இருக்கலாம்னு..."

டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"மூணு நாளா மாடி ஏறுனா ஒன்பதாவது படியில உக்காந்துடுறாரும்மா. வேர்த்துக் கொட்டுது, கை குடையுதுங்கிறார். உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல சரியாயிரும். இன்னைக்கு ஆகல."

அதில் கிரேக்கம் இல்லை, லத்தீன் இல்லை. டாக்டர் உடனே போனை எடுத்தார். கட்டில் உருள ஆரம்பித்தது.

மறுநாள் டாக்டர் சொன்னார்: "ஸ்டென்ட் வெச்சிருக்கோம். இன்னும் ஒரு மணி நேரம் தள்ளியிருந்தா எங்க கையில எதுவும் இல்ல. வீட்டம்மாவுக்கு நன்றி சொல்லுங்க."

அவர் போனதும் வேர்ச்சொல்லார் மனைவியின் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. உதடு அசைந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று அந்த அம்மா காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஸ்டென்ட்ங்கிறது... ஒரு பல் டாக்டரோட பேராம்."

"வாயை மூடிட்டுப் படுங்க" என்றார் அந்த அம்மா. கையை மட்டும் விடவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் ஒரு சின்ன விசாரணை இருக்கிறது. எலி எது, மீன் எது, அருவி எங்கே வந்தது, பல் டாக்டர் எங்கே வந்தார் என்பதெல்லாம் பசுமையாக நினைவிருக்கிறதல்லவா? நாளைக்கு ஆபீசில் யாரிடம் எடுத்துவிடலாம் என்று ஆள்கூடப் பார்த்துவைத்திருப்பீர்கள். நல்லது. தையல்காரரின் ரிப்போர்ட்டில் இருந்த எண் என்ன? மேலே போய்ப் பார்க்கக் கூடாது.

எட்டு. ஓர் ஆணுக்குக் குறைந்தது பதின்மூன்று இருக்க வேண்டும். மாடி ஏறியதும் சுவரைப் பிடித்தாரே, வண்டிக் கதவைப் பிடித்தாரே, அதையும் நீங்கள் படித்தீர்கள். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.