பன்னிரண்டு விநாடி வெட்டு

சினிமாப் படங்களை வெட்டுவதற்கென்று ஓர் அதிகாரி இருக்கிறார் அல்லவா? இலங்கை மலைநாட்டில் அந்தப் பதவியை யாரும் கொடுக்காமலே நான் ஒருமுறை வகித்திருக்கிறேன். ஆயுதம், என் மனைவியின் நகம் வெட்டும் கத்தரிக்கோல். வெட்டிய நீளம், பன்னிரண்டு விநாடி. வெட்டிய காரணம், அந்தப் பன்னிரண்டு விநாடியிலும் நான் இருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

படத்தை எடுத்தவள் படக்காரி. ஹட்டனில் ஆரம்பித்துப் பொகவந்தலாவை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படியொரு கோபக்காரி அகப்பட மாட்டாள். லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பங்களாவில் ஆயாவாக இருந்தாள். பழைய துரைசானி சீமைக்குக் கப்பலேறும்போது, கைக்கடக்கமான சினிமாக் கேமரா ஒன்றையும் ஒரு புரொஜெக்டரையும் ஒரு டஜன் பிலிம் சுருளையும் அவளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு சேலையைக் கொடுத்திருந்தால் தோட்டம் நிம்மதியாக இருந்திருக்கும்.

துரைசானியின் மழைக்கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிறுத்தை மாதிரிப் பதுங்கிக் கிடப்பாள். "என்னையப் பாக்காதீங்கடி, கொழுந்தப் பாருங்கடி!" என்று அவள் போடும் சத்தத்தில் கங்காணிக்குத் தொண்டை மிச்சம். கேமராவுக்குக் குறுக்கே மூடுபனி வந்தால் மூடுபனிக்கும் திட்டு விழும். அது விலகிப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெரிய கங்காணி ஒருநாள் வெற்றிலைத் தட்டோடு வந்தார்.

"ஆயா, மகளுக்குக் கல்யாணம். வந்து படம் புடிச்சுக் குடுக்கணும்."

"கல்யாணம் என்னாத்துக்கு கங்காணி? மாப்புள்ள குடிச்சிட்டு அடிக்கிற அன்னைக்கு ஆளனுப்புங்க. ஓடியாந்து புடிக்கிறேன்."

வெற்றிலைத் தட்டு வந்த வழியே திரும்பிப் போனது.

கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு ஒரு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு மாலை ஐந்து. அவளுடைய முதல் படமே அதுதான். ஆண்கள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கடுதாசிச் சீட்டு விளையாடுகிறார்கள். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு விறகைத் தலையில் ஏற்றுகிறார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கரண்ட் கிடையாது என்பதால் ஃபேக்டரி மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் ஓடியது. ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் அவளுக்குப் பயந்து சாவியைக் கொடுத்துவிடுவார்.

"ஏய், அது நானுடா!" என்று ஆண்கள் முதலில் குதூகலித்தார்கள். பிறகு மனைவிமார் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு ஒருநாள்தான் ஆயா உக்காந்திருந்தோம்" என்றான் ஒருவன்.

"அப்பிடியா சாமி? இந்தா, அடுத்த வாரம் எடுத்த சுருளு."

சத்தமில்லாத படம். அதனால் திரைக்குப் பக்கத்தில் நின்று அவளே பேசுவாள். பேசுவாள் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்கு.

பிலிமைக் கழுவ சீமைக்கு அனுப்ப வேண்டும். ஆங்கில விலாசம் எழுதித் தருவது நான். பார்சல் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருவதும் என் பெயருக்குத்தான். நான் அப்போது தோட்டத்தில் சின்னக் கண்டாக்கு, அதாவது மலையில் வேலையாட்களை மேய்க்கும் உத்தியோகம். முற்போக்கானவன் வேறு. வாசகசாலையில் மாதத்துக்கு ஒருமுறை பெண் விடுதலை பற்றி ஒரு மணி நேரம் முழங்குவேன். தொண்டை கட்டாமல் இருக்க மிளகுப் பால் காய்ச்சித் தருவது என் மனைவி. பேச்சைக் கேட்க அவளுக்கு ஒருநாளும் நேரம் வாய்த்ததில்லை.

அந்தக் காலத்தில், பால் குடிக்கும் பிள்ளையைத் தாய் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேற வேண்டும். காம்பரா அடிவாரத்தில். கொழுந்து ஏழாம் நம்பர் மலை உச்சியில். இடையில் ஓடி இறங்கிப் பால் கொடுத்துவிட்டு ஓடி ஏற வேண்டும். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்கு விரட்டப்படுவாள். ராக்கம்மா என்ற பெண்ணை ஒரே வாரத்தில் மூன்று தடவை விரட்டினார்கள். இன்னும் ஒரு தடவை விரட்டினால் பெயரையே வெட்டிவிடுவதாகப் பேச்சு. படக்காரி அந்த ஓட்டத்தைப் படம் பிடித்தாள்.

பார்சல் வந்ததும் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அரிசியளவில் ராக்கம்மா இறங்குகிறாள், பால் கொடுக்கிறாள், ஏறுகிறாள். உச்சியில் அரிசியளவில் நான். ஒரு கையில் கடிகாரம், மறு கை கீழே போ என்று மலையடிவாரத்தைக் காட்டுகிறது. "விரட்டினார்கள்" என்று மேலே எழுதியிருக்கிறேனே, என்ன நாகரிகமான பன்மை! விரட்டியது நான். என் கடிகாரம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் கேவலம்.

வெட்டினேன். வெட்டிய இரு முனைகளையும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் ஒட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுத் துரையையே படக்காரி அழைத்து வந்துவிட்டாள். ஏதோ அழகான தேயிலைப் படம் என்று நினைத்து அவரும் வந்து உட்கார்ந்தார். ராக்கம்மா இறங்கினாள், பால் கொடுத்தாள், மூச்சு வாங்க ஏறினாள். உச்சிக்கு நாலு எட்டு இருக்கும்போது புரொஜெக்டர் கடகடவென்று இருமி நின்றது. பிளாஸ்திரி சிக்கிக்கொண்டது.

படக்காரி பிளாஸ்திரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுருளைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் விளக்கை மட்டும் எரியவிட்டாள். வெள்ளைத் துணி பளீரென்றது.

"இந்த எடத்துல ஒரு கை வரும் தொரை" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் சத்தம் போடாமல் பேசியது அன்றைக்கு மட்டும்தான். "கடியாரம் பாக்கிற ஆளோட கை. 'போ வூட்டுக்கு'ன்னு காட்டும். யாரு கைன்னு நான் சொல்ல மாட்டேன். கத்திரி வச்சவருக்குத் தெரியும். ராக்கம்மா, எந்திரி. அடுத்தத நீ சொல்லு."

ராக்கம்மா எழுந்து வெள்ளைத் துணியின் முன்னால் நின்றாள். ரவிக்கையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது.

துரை தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "எத்தனை நேரம் லேட் நீ?"

"இந்தப் படம் ஓடுற நேரந்தாங்க தொரை."

நாலு நிமிடப் படம். துரை எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை காலை, ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில் உத்தரவு வந்தது. பால் கொடுக்கப் போகும் தாய்மாரை இனி யாரும் விரட்டக் கூடாது. அவர்கள் திரும்பும் வரை அவர்களுடைய கூடைகளை ஆண்கள் நிறுவைக்குச் சுமந்து போக வேண்டும். ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே சுமந்தார்கள்.

நியாயம் செய்த துரைக்கு, அந்த நியாயத்தை ஓர் ஆயா செய்ய வைத்தாள் என்பது மட்டும் பொறுக்கவில்லை. கேமரா "பங்களாச் சாமான்" ஆகிவிட்டது. ஒரே மாதத்தில் ஆயா வேலையும் போயிற்று. அதைத் தட்டிக் கேட்க, பெண் விடுதலை பேசிய வாய் ஒன்று தோட்டத்தில் இருந்தது. திறக்கவில்லை.

பொகவந்தலாவையில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகப் புறப்பட்டாள். அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ரோடு வரைக்கும் நான் நடந்தேன். என்னால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான். "சாய்க்காதீங்க! பெட்டிய நேராப் புடிங்கய்யா! இதுகூடத் தெரியலியா?" என்று வழி நெடுகத் திட்டு. அந்தத் திட்டு நிற்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. பஸ் வளைவில் மறைந்த பிறகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காம்பராவுக்குப் போய்க்கொண்டிருந்த ராக்கம்மா என்னைக் கண்டு நின்றாள்.

"கண்ணத் தொடைச்சிக்கிட்டு வாங்கய்யா, பெரட்டு முடியப் போவுது" என்றாள். "நாங்களா இருந்தா இந்நேரம் வெரட்டியிருப்பீங்க."