சொன்ன இடத்தில் நிற்கும் வண்டி

அந்த நோன்பு நாள் சாயங்காலம் நடந்தவை:

1. நிற்க வேண்டிய வண்டி நிற்கவில்லை.
2. நிற்கக் கூடாத வண்டி நின்றது.
3. நோன்புக் கஞ்சி, நோன்பு திறக்கும் பாங்கு சொல்வதற்குள் தாராவி போய்ச் சேர்ந்தது.
4. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த கேரண்டி மாமு, அதன் பிறகு சில நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

நான்காவது விஷயம் புரிய வேண்டுமானால் மாமுவைத் தெரிந்திருக்க வேண்டும். மும்பையில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் ஏராளம். தன் வண்டி நடுவழியில் நின்றால் பெருமைப்படுகிறவர் அவர் ஒருவர்தான்.

சீத்தா கேம்பில் எங்கள் எதிர் வீடு. எதற்கெடுத்தாலும் 'கேரண்டி' என்பார், அதனால் அந்தப் பெயர். அவருடைய வெள்ளை பிக்கப் பள்ளிவாசலிலிருந்து கிளம்பினால் அணுசக்தி நகர் வாசலுக்கு எதிரே வந்து அணைந்துவிடும். ஓர் அடி முன்னேயோ பின்னேயோ நிற்காது. டீசல் பைப்பில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. அதன் வழியே காற்று புகுந்து, அந்தக் காற்று பம்புக்கு வந்து சேரும் இடம் அந்த வாசல். மாமு இறங்கி, பானெட்டைத் திறந்து, கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றுவார். வாசல் காவலாளி கடிகாரத்தைப் பார்த்து, "ஆ கயா மாமு? பராபர் டைம்!" என்பார், வந்தாச்சா, சரியான நேரம் என்று. சாதாரண நாளாக இருந்தால் இருவரும் டீ குடிப்பார்கள்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்கள் எப்போது பழுதாகும் என்று கணிப்பதுதான் என் வேலை. "கிளிப்ப மாத்துங்க மாமு, சின்ன வேலை" என்று ஒருமுறை சொன்னேன்.

"மாத்திட்டா அப்புறம் எங்க நிக்கும்?"

"எங்கயும் நிக்காது."

"நிக்காத வண்டி உலகத்துல உண்டா புள்ள? என்னைக்காவது நிக்கத்தான் செய்யும். எங்கன்னு தெரியாம நான் பயந்துக்கிட்டே ஓட்டணுமாக்கும்?"

பழுது எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் பராமரிப்பு எளிது என்றுதான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதற்காகப் பழுதை வளர்க்கச் சொல்லவில்லை.

மாமு இந்தக் கொள்கையை வண்டியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. யாராவது புது ஃபிரிட்ஜ் வாங்கினால், "எப்ப ரிப்பேராகும்னு கேட்டியளா?" என்று விசாரிப்பார். தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது, "பையனுக்குக் கோவம் எப்ப வரும்?" என்று கேட்டார். "கோவமே வராது, தங்கமான பையன்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டார். அடுத்த வீட்டில், "சாயந்தரம் டீ லேட்டானா கத்துவான்" என்றார்கள். அங்கேயே சம்பந்தம் பேசி முடித்தார். அந்தப் பெண் சாயங்காலம் சரியான நேரத்துக்கு டீ போட்டு நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஒருமுறை வண்டியை விற்கப் பார்த்தார். வாங்க வந்தவரை ஏற்றிக்கொண்டு நேராக அணுசக்தி நகர் வாசலுக்குப் போனார். வண்டி நின்றது. "பாத்தியளா!" என்றார் மாமு. வந்தவர் அங்கிருந்தே பஸ் பிடித்துப் போய்விட்டார். அவருக்கு என்ன குறை என்று மாமுவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாமுவின் எதிர்க்கட்சி, தண்ணீர் கேன் போடும் அண்ணாச்சி. மாமுவைப் போல அவரும் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய நீல பிக்கப் வேறு கம்பெனி. இரண்டு கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. இரண்டுக்கும் வக்கீல்கள் உண்டு, எனக்கு இல்லை.

"எம் வண்டி வாங்குன நாள்ல இருந்து ஒரு தடவ நின்னதில்லவே பாய்" என்பார் அண்ணாச்சி.

"அதான் சொல்லுதேன். இனிமத்தான் இருக்கு உமக்கு" என்பார் மாமு.

நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சியில் ஒரு பங்கு, தாராவியில் பை தைக்கும் பையன்களுக்குப் போகும். ஊரைவிட்டு வந்து பட்டறையிலேயே தங்கியிருப்பவர்கள். பகல் முழுக்கப் பட்டினி கிடந்து தைத்துவிட்டு அந்தக் கஞ்சியில்தான் நோன்பு திறப்பார்கள். அதைக் கொண்டுபோவது மாமு. கூலி வாங்க மாட்டார், வேறு யாரையும் தொட விடமாட்டார். வருஷம் முழுவதும் அவர் ஓட்டியது அந்த ஒரு மாதத்துக்காகத்தான் என்று தோன்றும்.

போன நோன்பில் ஜமாத்துக்குக் கவலை வந்தது. தினமும் நின்றுபோகிற வண்டியை நம்பிக் கஞ்சி அனுப்பலாமா? ஜமாத் செயலாளர் என் வாப்பா. "நீ இஞ்சினியர்தானே, ரெண்டு வண்டியையும் பாத்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். என்ஜின், பிரேக், ஸ்பிரிங் பட்டை, மைலேஜ், பாகங்கள் கிடைப்பது என்று வரிசையாக அட்டவணை போட்டேன். எல்லாக் கட்டத்திலும் நீலம் வென்றது. வாப்பா அதை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, "அப்ப நாளைக்கு அண்ணாச்சி கொண்டு போகட்டும். மாமுகிட்ட யார் சொல்றது?" என்றார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது.

நான் போய்ச் சொன்னேன். மாமு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை மடித்து வைத்தார்.

"நீயா எழுதுன?"

"ஆமா மாமு."

"சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் கஞ்சி அண்டாக்கள் நீல வண்டியில் ஏறின. பின்னாலேயே வெள்ளை வண்டியும் காலியாகக் கிளம்பியது. "சும்மா, காத்தாட" என்றார் மாமு. ஒப்பீடு என்றால் இரண்டையும் பார்க்க வேண்டும் என்று காரணம் சொல்லி அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

அணுசக்தி நகர் வாசல் வந்தது. வண்டி நிற்கவில்லை. காவலாளி சாலைக்கே ஓடிவந்து, "அரே மாமு, க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சோ என்ற பதற்றத்தில் கத்தினார்.

"மாமு, நிக்கலையே?"

"காலைல கிளிப்ப மாத்திட்டேன் புள்ள. நீ சொன்னியேன்னு." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. "எங்க நிக்கப் போவுதோ தெரியலையே. யா அல்லாஹ்!"

தேவ்னார் தாண்டியது. ஒவ்வொரு சிக்னலிலும் மாமு விடைபெறுகிறவர் மாதிரி என்னைப் பார்த்தார். செம்பூர் வந்ததும் ஒரு வண்டி நின்றது. நீல வண்டி.

அண்ணாச்சி இறங்கி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நின்று பழக்கமில்லாத வண்டி, கயிறு இல்லை, ஸ்பேனர் இல்லை. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அண்ணாச்சி அந்த சென்டருக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ண அமுக்கச் சொல்லுதான். அமுக்குனா ரெண்ட அமுக்கச் சொல்லுதான். பாய், பையம்மாருக்கு நோன்பு தொறக்கணுமேவே!" என்று புலம்பினார். அவருக்கு நோன்பு இல்லை. ஆனாலும் கஞ்சி ஏற்றியதிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

"போன வைங்க அண்ணாச்சி" என்றார் மாமு. நடுவழியில் நிற்பதில் அந்தச் சாலையிலேயே அனுபவசாலி அவர்தான். வெள்ளை வண்டியை ரிவர்ஸ் எடுத்து நீலத்தின் முதுகோடு முதுகு சேர்த்தார். இரண்டு பின்பலகைகளும் ஒரே உயரத்தில் இருந்தன. இரண்டு கம்பெனிகளும் ஒத்துப்போயிருந்த ஒரே விஷயம் அதுதான், அதற்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை. அண்டாக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி இந்தப் பக்கம் கொண்டுவந்தோம். அண்ணாச்சி பின்னால் ஏறி மூடிகளைப் பிடித்துக்கொண்டார்.

பாங்குக்கு முன்பே தாராவியில் இருந்தோம். பையன்கள் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். அண்ணாச்சி மாமுவைக் கட்டிப்பிடித்தார். பாங்கு சொன்னதும் மாமு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு பயத்தோட நான் வண்டி ஓட்டுனதே இல்ல. இத எப்படித்தான் எல்லாரும் தெனமும் செய்யிறியளோ."

சில நாள் மௌனத்துக்குப் பிறகு மெக்கானிக்கிடம் போய், கிளிப்பைப் பழையபடி தளர்த்தச் சொன்னார். மெக்கானிக் மறுத்தார். மாமுவே தளர்த்தினார். முதல் முயற்சியில் வண்டி கேம்பை விட்டே வெளியேறவில்லை. அடுத்த முறை தேவ்னாரில் போய் நின்றது. கடைசியில் ஒரு மாலை, அணுசக்தி நகர் வாசலுக்கு நேர் எதிரே அணைந்தது. காவலாளி கை தட்டினாராம்.

இப்போதைய நிலவரம் இது. கஞ்சி வெள்ளை வண்டியில்தான் போகிறது. நீல வண்டி துணைக்குக் காலியாகப் பின்னால் வருகிறது. அது பழுது பார்க்கப்பட்டு நன்றாக ஓடுகிறது, இருந்தாலும் வாசலில் வெள்ளை நின்றால் அண்ணாச்சியும் நிறுத்திவிடுகிறார். வேலை முடிந்து நான் வரும் பஸ் அந்த வழியாகத்தான் வரும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வருவேன். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மாமு அங்கே நின்றால் எனக்கு நிம்மதி. காணவில்லை என்றால், வீடு வந்து சேருமுன் போன் போட்டு விசாரித்துவிடுவேன்.