அக்காவுக்கு, என் இடுப்பு விஷயமாக

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த முறை நான் எழுதும் ‘நலம்’ ஒப்புக்கு எழுதுவது அல்ல, டிப்போ இன்ஸ்பெக்டர் கையெழுத்து போட்ட நலம். நம் சித்தி மகள் உனக்குப் போன் செய்து, நான் பஸ்ஸிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்துவிட்டதாகவும் உள்ளே இரும்பு வைத்துத் தைத்திருப்பதாகவும் சொன்னாளாமே? நீயும் ஒரு மாதம் கூட இருந்து என்னைப் பார்த்துக்கொள்ள டிக்கெட் எடுத்துவிட்டாயாமே? அக்கா, நான் விழவில்லை. ஏற முடியவில்லை. இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. உடனே டிக்கெட்டை ரத்து செய்துவிடு. போனில் சொன்னால் முதல் வாக்கியத்துக்கு மேல் என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். முப்பது வயதில் பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தேன், இப்போது ஐம்பத்து மூன்று. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்கிறேன், வீட்டுக்கு வந்ததும் அந்தக் களைப்புத் தீர மறுபடியும் உட்காருகிறேன். நாலு வருஷமாக முதுகு வலி. தைலம் தேய்த்தேன், பெல்ட் கட்டினேன், மெத்தையைக் கழற்றிவிட்டுப் பலகையில் படுத்தேன். பலகையில் படுத்ததில் எனக்கு வலி போகவில்லை, பக்கத்தில் படுத்தவளுக்கு வந்ததுதான் மிச்சம். சாக்ஸ் போடக் குனிந்தால் கை முழங்காலைத் தாண்டாது. அதனால் தினமும் காலையில் நான் கட்டிலில் உட்கார, அவள் எதிரே முக்காலி போட்டு என் காலை மடியில் வைத்து, “ம், நீட்டுங்க மகாராஜா” என்று மாட்டிவிடுவாள். பஸ்ஸில் ஏறும்போது இடது தொடைப் பக்கம் பேன்ட் துணியைக் கையால் கொத்தாகப் பிடித்து, மூட்டையைத் தூக்குகிற மாதிரி என் காலை நானே தூக்கிப் படியில் வைப்பேன். இதையெல்லாம் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார்.

அன்றைக்கு என் கண்டக்டர் லீவு. பதினோரு வருஷமாக என்னோடு ஓடுகிறவன், அவன் இல்லாமல் டிப்போவே அன்னிய இடம் மாதிரி இருந்தது. ஆறு நாற்பதுக்கு வண்டி கிளம்ப வேண்டும், உள்ளே நாற்பது பேர். டிரைவர் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து, காலைத் தூக்கி முதல் படியில் வைத்தேன். வைத்த கால் அங்கேயே நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பாதி உடம்பு பஸ்ஸிலும் பாதி உடம்பு பூமியிலுமாக நான் தொங்குகிறேன், ஜன்னல் வழியாகத் தலை நீட்டிய ஒரு பயணி ரொம்ப மரியாதையாகக் கேட்கிறார்: “அண்ணே, பஸ் கிளம்புதா, இல்ல நீங்க மட்டும் கிளம்புறீங்களா?” லீவில் போனவனுக்குப் பதிலாக வந்த புதுக் கண்டக்டர் பின்னாலிருந்து தள்ள, ஒரு மெக்கானிக் முன்னாலிருந்து இழுக்க, சாமான் ஏற்றுவது போல் என்னை ஏற்றினார்கள். சத்தம் கேட்டு எங்கள் இன்ஸ்பெக்டர் வந்தார். டிப்போவில் அவருக்கு ‘விசில்’ என்று பெயர். அன்றைக்கு அவர் விசில் அடிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “எட்டு வாரம் டைம். யார் உதவியும் இல்லாம மூணு தடவை ஏறி இறங்கணும், குந்தி உக்காந்து வண்டிக்கு அடியில பாக்கணும். முடியலன்னா சாவி ரூம்தான்” என்றார். சாவி ரூம் என்றால், மற்றவர்கள் ஓட்டப்போகும் வண்டிகளின் சாவியை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுக்கும் வேலை. அக்கா, இருபத்து மூன்று வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு அது ஒரு வேலையா? சித்தி மகளுக்குப் போன கதை அங்கே தொங்கினதிலிருந்து கிளம்பியதுதான். வழியில் யார் யார் கை கால் வைத்தார்களோ, ஒடிந்துபோய் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

மறுநாள் கண்டக்டர் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். “தப்பு என் மேலதாண்ணே. லீவு போடுறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட சொல்ல மறந்துட்டேன்” என்றான். என்ன சொல்ல மறந்தாய் என்று குடைந்தபோதுதான் வெளியே வந்தது. ஆறு மாதமாகத் தினமும் விடியற்காலையில், எனக்கு முன்னால் டிப்போவுக்கு வந்து, டிரைவர் கதவு சிமெண்டு மேடையை ஒட்டி நிற்கிற மாதிரி வண்டியை நகர்த்தி வைக்க மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறான். எனக்குப் படி ஒரு சாண் குறையும் என்று! எனக்கு வந்த கோபத்தில், “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கத்தினேன். “சொன்னா ஒத்துக்குவீங்களா?” என்றான். அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவன்தான் கூட வந்தான்.

அங்கே பிசியோதெரபி செய்கிற பெண்ணுக்கு உன் பெரிய மகளை விட வயது குறைவுதான் இருக்கும், ஆனால் அதட்டலில் உனக்கு அக்கா. “உங்க இடுப்பு எங்க இருக்குன்னு காட்டுங்க சார்” என்றாள். பெல்ட்டைத் தொட்டுக் காட்டினேன். “அது பேன்ட் நிக்கிற இடம். நான் கேட்டது இடுப்பு மூட்டு. தொடை எங்க தொடங்குதோ, அங்க உள்ளுக்குள்ள, கிண்ணத்துல உருண்டை உக்காந்த மாதிரி இருக்கும்” என்றாள். ஐம்பத்து மூன்று வருஷமாக என் இடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் வாழ்ந்திருக்கிறேன் அக்கா. மல்லாக்கப் படுக்க வைத்து, வலது முழங்காலை நெஞ்சோடு கட்டிப்பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். கட்டிலில் சும்மா கிடந்த இடது தொடை, ரயில்வே கேட் மாதிரி தானாக மேலே எழும்பியது. “நீங்க தூக்குறீங்களா?” “இல்லம்மா, சத்தியமா இல்ல.” “பாத்தீங்களா? வருஷக்கணக்கா உக்காந்தே இருந்து முன்பக்கத் தசை சுருங்கிப் போச்சு. போதாததுக்குக் கிளட்ச் மிதிக்கிற கால் வேற. பின்பக்கத் தசை வேலையே இல்லாம தூங்குது. ரெண்டு பேரும் செய்யாத வேலையை உங்க முதுகு ஓவர்டைம்ல பாக்குது. நீங்க என்னடான்னா அந்தப் பாவத்துக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க.” எலும்பில் கோளாறு இல்லை என்று படம் எடுத்துப் பார்த்த டாக்டரும் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அதற்கப்புறம் பயிற்சி. ஒரு முழங்காலைத் தலையணையில் ஊன்றி, மறுகாலை முன்னால் வைத்து, உடம்பை மெதுவாக முன்னுக்குத் தள்ள வேண்டும். முதல் நாள் நான் அப்படி நின்றபோது என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு எங்கிட்ட சம்மதம் கேக்குறீங்களா?” என்று சிரித்தாள். தரையில் ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பக்கவாட்டிலும் மடித்து உட்காரும் பயிற்சியில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே கவிழ்ந்துவிட்டேன். “மேல என்ன, பீரோவை உருட்டுறீங்களா?” என்று கீழ்வீட்டுக்காரர் கேட்க, “இல்லீங்க, வீட்டுக்காரரை” என்றாள் இவள். நானும் சும்மா இருந்தேனா? எட்டு வாரத்தை நாலாக்கிவிடலாம் என்று ஒரே நாளில் நூறு தடவை செய்து, இரண்டு நாள் நண்டு மாதிரி நடந்தேன். பிசியோ பெண் பிடித்துக்கொண்டாள்: “இழுக்குற மாதிரி இருந்தா செய்யுங்க, குத்துற மாதிரி இருந்தா நிறுத்துங்க. மூட்டுகிட்ட கெஞ்சணும் சார், மிரட்டக் கூடாது. தினமும் கொஞ்சம். அப்புறம், அரை மணிக்கு ஒரு தடவையாவது எந்திரிங்க.” ஓடுகிற பஸ்ஸில் அரை மணிக்கு ஒரு தடவை எப்படி எழுவது? அதனால் கடைசி ஸ்டாப்பில் வண்டி நிற்கும் பத்து நிமிஷத்தில், பஸ்ஸின் பின் ஏணியைப் பிடித்துக்கொண்டு நானும் கண்டக்டரும் காலை முன்னும் பின்னுமாக வீசுவோம். நாலாம் வாரம் பயணிகளில் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒருவர், நம்ம வண்டியில் டிக்கெட் எடுத்தால் இது கட்டாயமாக்கும் என்று நினைத்திருந்தாராம்.

ஐந்தாம் வாரம் ஒரு காலை, என் மனைவி சாக்ஸைத் தேடிக் கொடியடிக்குப் போயிருந்தாள். கையில் கிடைத்த ஒன்றை, ஏதோ யோசனையில் நானே மாட்டிவிட்டேன். மாட்டின பிறகுதான் என்ன செய்தேன் என்றே உறைத்தது. மற்றதோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தாள். “அப்ப இனிமே இந்த முக்காலி எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சந்தோஷத்தில்தான் திரும்பிக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை சோதனை. டிப்போ முழுக்க வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. கண்டக்டர் வேண்டுமென்றே வண்டியைச் சமதரையில் நிறுத்தியிருந்தான். மூன்று முறை ஏறினேன், பேன்ட் துணியைத் தொடவே இல்லை. குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தேன், எழுந்தேன். இன்ஸ்பெக்டர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு சனிக்கிழமை இருக்குமா?” என்றார்.

ஆகவே அக்கா, உன் தம்பி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். ஒருவர் உதவியும் இந்த வீட்டுக்குத் தேவையில்லை. நீ வந்து அலைய வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், சித்தி மகளுக்கு என் கண்டனம். உன் ஆசியை எப்போதும் வேண்டும்,

உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: இதை உறையில் போடுமுன் என் மனைவி வாங்கிப் படித்தாள். “பெரிய வித்தை! இதுல என்ன இருக்கு?” என்று ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பக்கவாட்டிலும் மடித்துத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து நாற்பது நிமிஷம் ஆகிறது. எழ முடியாமல் இல்லையாம், பிடித்துப்போய்த்தான் உட்கார்ந்திருக்கிறாளாம், அப்படியே எழுதச் சொல்கிறாள். பிசியோ பெண்ணுக்குப் போன் செய்தேன். சிரித்து முடித்துவிட்டு, நாளைக்குக் கூட்டி வாருங்கள், அவங்களுக்கும் எட்டு வாரம் பிடிக்கும் என்றாள். டிக்கெட்டை ரத்து செய்யாதே. ஒரு மாதம் போதாது, இரண்டு மாதத்துக்குத் துணி எடுத்துக்கொண்டு வா.