லைனுக்கு இருபத்தேழு அர்த்தம்

ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்தையே ஓட ஓட விரட்டியவர், இலங்கை மலைநாட்டு டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் டிக்‌ஷனரி அண்ணன் ஒருவர்தான்.

தோட்டத்துத் தபால்காரர். டவுனில் இருந்து தபால் பையைத் தோட்டத்து ஆபீசுக்குச் சுமந்து வருவார். கிளார்க்கையா திறந்து பிரித்துக் கொடுத்ததும் எங்கள் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கொண்டுபோவார். இடுப்பில் அட்டை கிழிந்த ஓர் அகராதி. அதில் அவர் கரைத்துக் குடித்தது 'லைன்' என்ற ஒற்றைச் சொல்லை. அதன் கதையைக் கேட்காதவருக்குக் கடிதம் கிடையாது.

"நாம குடியிருக்கிறதே லைன். அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிய வேணாமா? ஆளின்னு ஒரு செடி. அந்த நாருல திரிச்ச நூலுதான் மொத லைன். நூலப் புடிச்சுக் கோடு போட்டான், அதுவும் லைன். கோட்டு மேல வரிசையா நம்மளக் குடி வச்சான்..."

"அண்ணே, மழை வருதுங்க. கடுதாசியக் குடுங்க!"

"இரு, தூண்டில் கயிறு, ரயில் பாதை, உள்ளங்கை ரேகை எல்லாம் பாக்கி கெடக்கு."

ஒருமுறை மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே மாட்டிக்கொண்டார். பத்தொன்பதாவது அர்த்தத்தில் அவர் காற்சட்டைக்குள் மூன்று அட்டைகள் ஏறியிருந்தன. "அட்டை ரத்தத்தத்தான் குடிக்குது, நீ உசிரயே குடிக்கிறியேய்யா!" என்று அலறிவிட்டார்.

அந்த வருடம் நான் ஆசிரியர் நேர்முகத் தேர்வுக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். வராவிட்டால் அம்மாவைப்போல நானும் கொழுந்துக் கூடையை மாட்ட வேண்டியதுதான். தினமும் இருபத்தேழு அர்த்தமும் கேட்டேன், கடிதம்தான் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை பை தாமதமாக வந்தது. ஆபீஸ் பூட்டியாயிற்று. பூட்டிய பிறகு வரும் பையைத் திங்கட்கிழமை கிளார்க்கையா முன்னால்தான் திறக்க வேண்டும். அண்ணன் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து பையைப் பிரித்துவிட்டார். சேறும் சகதியுமாக எங்கள் வாசலுக்கு வந்து கடிதத்தை நீட்டினார். நான் பிரித்ததும் எட்டிப் படித்தார்.

"திங்கக்கெழம காலையில நுவரெலியாவுல இருக்கணும் புள்ள. மொத பஸ்ஸ விட்டுறாத!"

நான் கடிதத்தை மறுபடி படித்தேன். அவர் பையைத் தோளில் மாட்டித் திரும்பினார்.

"அண்ணே... அர்த்தம் சொல்லலியே?"

"அது கெடக்குது, போ! சீலையக் கழுவிக் காயப்போடு."

வேலை கிடைத்தது. பையைத் திறந்த குற்றத்துக்கு அண்ணனை ஒரு வாரம் புல்லுவெட்ட அனுப்பினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டமே வரிசையாக நிற்பதைக் கண்டதும் அவருக்குக் குஷி தாங்கவில்லை, வாயைத் திறந்தார். அந்த வாரம் மாதிரி எங்கள் சனம் மலைக்கு வேகமாக ஓடியதே இல்லை.

அண்ணன் இப்போது இல்லை. நான் ஹட்டனில் இருக்கிறேன். தபால்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து, பேசாமல் கடிதத்தை நீட்டுகிறார். வாங்கிக்கொண்ட பிறகும் நான் வாசலிலேயே நிற்கிறேன்.

"என்னங்க டீச்சர், இன்னும் ஏதும் வரணுங்களா?" என்கிறார்.

வரணும்தான். இருபத்தேழும் வரணும்.